ஏழாம் எண்ணின் இதயத் துடிப்பு

ஒரு சின்னப் பெண் ஒரே இடத்தில் நின்றபடி ஆயிரக்கணக்கான தடவை சுற்ற முடியுமா? முடியாது. பம்பரத்துக்கே தலை சுற்றிவிடும். அப்படியானால் இது என் கண் கோளாறு. போனை அணைத்துவிட்டுத் திறந்தால் சரியாகிவிடும். கடவுளே, சரியாகிவிடட்டும்.

சரியாகவில்லை. லினெட்டின் போன் திரையில் ஏழாம் எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. 'கிர்ரா: அளவுக்கு மீறிய உழைப்பு. காயம்படும் அபாயம். உடனே ஓய்வு தேவை.'

அடுக்களைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றை முடித்து, பெருமூச்சு விட்டு நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

பர்னி ஊரின் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியில், வாரம் ஒரு வீடு பயிற்சி உடுப்புகளைத் துவைத்துக் கொடுக்க வேண்டும். இந்த வருஷம் உடுப்பின் முதுகுப் பக்கத்துச் சின்னப் பையில் ஒரு மின்னணுச் சில்லு வந்திருந்தது. யார் எவ்வளவு ஓடினாள், எத்தனை தடவை திரும்பினாள், இதயம் எப்படித் துடித்தது எல்லாவற்றையும் அது போனில் இருக்கும் ஆப்புக்கு அனுப்பும். ஆப்பைக் கவனிக்கும் பொறுப்பு லினெட்டுக்கு. ஆண்டுக் கூட்டத்தில் அவள் கழிப்பறைக்குப் போயிருந்தபோது ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

துவைக்கும் முன் சில்லை எடுத்துவிடு. இருந்தது இந்த ஒரு விதிதான். ஏழாம் எண் உடுப்பில் அவள் அதை மறந்திருந்தாள்.

ஏழு என்றால் கிர்ரா. கிர்ரா என்றால் கோல். சனிக்கிழமை இறுதி ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் கிர்ராவைப் பார்க்கவே தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து வருகிறார்கள். கிர்ராவின் அம்மா ரேலீனைப் பற்றி நினைத்தபோது லினெட் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் பதிவை அழிக்கலாம். அழித்தால் ஆப்பே, 'லினெட் அழித்தார்' என்று அடியில் எழுதிக் கோச் வார்விக்குக்கு அனுப்பிவைக்கும்.

அவள் பயந்தது தனக்காக மட்டும் இல்லை. போன வருஷம்தான் இந்த ஊருக்கு வந்தார்கள். மகள் ஜோர்ஜா பழைய பள்ளியில் ஒரு வருஷம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவள். இங்கே வந்த பிறகுதான் அவளுக்கு ஒரு தோழி கிடைத்தாள். அந்தத் தோழி கிர்ரா.

ஓய்வுதானே கேட்கிறது, கொடுத்துவிடலாம் என்று நினைத்து, சில்லை மேசை இழுப்பறையில் கைக்குட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்தாள். மறுநாள் ஆப்பைத் திறந்தாள். சிவப்பு இன்னும் கருத்திருந்தது. 'கிர்ரா: அசைவு இல்லை. இதயத் துடிப்பு இல்லை. வீராங்கனையின் நிலையை உடனே உறுதி செய்யவும்.'

அன்று மாலைப் பயிற்சிக்கு மைதான வாசலில் வார்விக் நின்றிருந்தான். கடல் காற்றில் அவன் தொப்பி பறக்கப் பார்த்தது.

"என்ன லின், எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். ஆப்... ஆப்பைப் பாத்தியா?"

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் பார்வை அவளையும் மீறிக் கிர்ராவிடம் போய் ஒட்டிக்கொண்டது.

"பாத்துட்டேன்," என்றான் வார்விக். திரும்பிக் கத்தினான். "கிர்ரா! இன்னிக்கு நீ உக்காரு!"

"எதுக்கு? எனக்கு ஒண்ணுமே இல்லியே!"

"உக்காருன்னா உக்காரு. வாயாடாதே."

ரேலீன் காரிலிருந்து இறங்கி வந்தாள். கதவு சாத்திய சத்தத்தில் புல்லில் நின்ற கடற்காக்கைகள் கலைந்தன.

"என்ன வார்விக், என் பொண்ணுக்கு என்ன நோயா?"

"முன்னெச்சரிக்கைதான் ரேலீன்."

"முன்னெச்சரிக்கையா? இன்னிக்குப் பயிற்சி இல்ல, நாளன்னிக்கு ஆட்டம் இல்ல, அப்படித்தானே? எல்லாம் அந்தப் பாழாப்போன சில்லு பண்ற வேலை!" அவள் லினெட் பக்கம் திரும்பினாள். "இதுல எவளோ கை வெச்சிருக்கா. யார்னு மட்டும் தெரியட்டும். அவ இந்த ஊர்ல ரொட்டி வாங்க முடியாது. நீ என்ன சொல்றே லினெட்?"

"ஆமா," என்றாள் லினெட். "வாங்கவே முடியாது."

வீட்டுக்குப் போகும் வழியில் ஜோர்ஜா பின் இருக்கையிலிருந்து கேட்டாள். "அம்மா, கிர்ராவுக்கு என்னாச்சு? அவ அழுதா."

"ஒண்ணும் ஆகலடா."

"ஒண்ணும் ஆகலன்னா நீ ஏன் சிவப்பு விளக்குல நிக்காம வந்தே?"

வெள்ளிக்கிழமை லினெட் தெளிவாக யோசித்தாள். அல்லது தெளிவாக யோசிப்பதாக நம்பினாள். சில்லுக்குத் தேவை ஒரு சாதாரண உடம்பு. ஓடவும் வேண்டாம், சும்மா கிடக்கவும் வேண்டாம். நிதானமாக நடந்தால் போதும். சில்லைத் திரும்பவும் பையில் செருகி, ஏழாம் எண் உடுப்பை அவளே மூச்சைப் பிடித்து மாட்டிக்கொண்டு, மேலே மழைக்கோட்டைப் போட்டு, சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். காய்கறிகளைச் சுற்றி ஒரு நடை. மாவு, சர்க்கரை ஓரமாக ஒரு நடை. போனைப் பார்த்தாள். முதல் தடவையாக ஏழாம் எண் பச்சை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பால் அலமாரி முனையில் திரும்பியபோது எதிரே ரேலீன்.

"லினெட்! உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்."

கோட்டுக்குள் இதயம் எகிறிக் குதித்தது. அது என் இதயம் இல்லை, கிர்ராவின் இதயம், அடங்கு, அடங்கு என்று அவள் தனக்குள் கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச அது வேகம் பிடித்தது.

"ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? இந்தக் குளிர்ல?"

"கோட்... கோட் கனமா இருக்கு."

"கழட்டிடேன்."

"வேண்டாம்!"

பக்கத்தில் தயிர் எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு தடவை அல்ல, விடாமல்.

"யாரோ கூப்பிடறாங்க பாரு," என்றாள் ரேலீன்.

"அவங்க அப்புறம் கூப்பிடுவாங்க," என்று லினெட் தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே ஓடினாள். காரில் உட்கார்ந்து பார்த்தாள். 'கிர்ரா: ஆபத்தான இதயத் துடிப்பு. விளையாட அனுமதிக்காதீர்கள். இதய மருத்துவரை அணுகவும்.'

சனிக்கிழமை காலை அவளிடம் பயப்பட மிச்சம் எதுவும் இல்லை. மூன்று நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தானாக நின்றுபோயிருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்ததும் நிதானமாக ரொட்டிக்கு ஓரம்வரை வெண்ணெய் தடவினாள். ஜோர்ஜாவின் காலுறையை மடித்துவிட்டபோது மட்டும் அந்தச் சின்னக் குதிகாலைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தாள்.

வாசலில் வார்விக். அவனுக்குப் பின்னால், முகத்தைத் தொங்கப்போட்டபடி கிர்ரா. கார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ரேலீன்.

"வார்விக், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நன்றாகக் குனிந்து பார்த்தான். பிறகு வாய் கொள்ளாமல் சிரித்தான்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் தாயே! பொண்ணுங்களா, எல்லாரும் ஆடறீங்க! கிர்ரா, நீ முன்னாடி நில்லு!"

கிர்ரா கத்திக்கொண்டு ஓடினாள். ஜோர்ஜா அவள் பின்னால். லினெட் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆப் இதய மருத்துவரிடம் அனுப்பச் சொன்ன பெண்ணைக் களத்தில் இறக்கிச் சிரிக்கிறானே, இவன் எப்படிப்பட்ட மனிதன்? அவளுக்கு இப்போது புதுவிதமாகப் பயம் வந்தது.

முதல் பாதி முழுக்க அவளால் மைதானத்தைப் பார்க்க முடியவில்லை. கேன்டீன் கொட்டகைக்குள் ஒதுங்கினாள். சாஸேஜ் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த மெர்வ் கிழவர் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் கையில் கத்தியையும் வெங்காயத்தையும் கொடுத்தார். கிளப்பில் சும்மா நிற்பவர்களுக்கு அதுதான் மரியாதை.

வெளியே ஆரவாரம். கிர்ரா கோல் போட்டிருந்தாள். ரேலீனின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

லினெட்டால் அடக்க முடியவில்லை. வாஷிங் மெஷின், இழுப்பறை, பால் அலமாரி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மெர்வ் சாஸேஜைத் திருப்பிப் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப வார்விக் அதையெல்லாம் பாத்துட்டும் அந்தப் பொண்ணை இறக்கிட்டான்னா பயப்படறே?"

"ஆமா மெர்வ். அவ்வளவு சிவப்பைப் பாத்துட்டு ஒருத்தன் எப்படிச் சிரிப்பான்?"

மெர்வ் இடுக்கியைக் கீழே வைத்தார். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவன்கிட்ட சொல்லிடாதே கண்ணு, வெக்கப்படுவான். அவன் போன் அரதப் பழசு. அதுல அந்த ஆப் இந்த வருஷம் பூரா ஒரு நாள்கூடத் தொறந்ததில்ல. வாசல்ல நின்னு உன் மூஞ்சியத்தான் பாப்பான். நீ எந்தப் பொண்ணைப் பாத்து முழிக்கிறியோ அவளை உக்கார வெப்பான். நீ சும்மா இருந்தா எல்லாரையும் இறக்குவான்."

இடைவேளை விசில் ஊதியது.

மைதானத்தின் நடுவில் வார்விக் இடுப்பில் கை வைத்து, கேன்டீன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாரை மாத்தறதுன்னு தெரியாம நிக்கறான் பாரு," என்றார் மெர்வ். "அந்த வெங்காயத்தை வெச்சிடு கண்ணு. இந்தக் கண்ணீரோட உன்னைப் பாத்தான்னா மொத்த டீமையும் வெளிய எடுத்துடுவான். மூஞ்சியத் தொடச்சிட்டு ஜன்னல்கிட்ட வந்து நில்லு."

"மாட்டேன் மெர்வ். இனிமே என் மூஞ்சிய வெச்சு யாரும் டீம் எடுக்க வேண்டாம்," என்றாள் லினெட் மெதுவாக. சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்று, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.