கழுத்துப் பட்டைக்குள் மாட்டிய சம்மதம்

தேக்கா, ஒன்பதாவது மாடி
புதன்கிழமை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய, சம்பந்தி ஆகப்போகிற, ஆகியே தீர வேண்டிய திரு. கதிரேசன் அவர்களுக்கு,

தங்கராஜு இரு கை கூப்பி எழுதும் வணக்கம். தலை வணங்கி என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தலையைக் குனியவே கூடாது என்று பிசியோ சொல்லியிருப்பதால் கையோடு நிறுத்திக்கொள்கிறேன். இங்கு நானும் என் மனைவி லீலாவும் மகள் இனியாவும் சுகம், என் கழுத்து நீங்கலாக. அங்கு தாங்களும் தங்கள் துணைவியார் பூவம்மா அவர்களும் எங்கள் மாப்பிள்ளை ரஞ்சனும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மாப்பிள்ளை என்று கை தானாக எழுதிவிட்டது. அதை நான் அடிக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் தங்கள் கைப்பேசிக்குப் பதினொரு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. பூவம்மா அவர்களையோ ரஞ்சனையோ அழைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போனைக் குனிந்து பார்ப்பதும் எனக்குத் தடை. ஆகவே குளிர்பெட்டிக் கதவில் என் கண் உயரத்துக்குத் தாளைக் காந்தத்தால் ஒட்டி, நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். எழுத்து மேலே போய்க் கீழே இறங்குவதற்குக் கோபிக்க வேண்டாம். ஓரத்தில் 'முட்டை, மிளகாய்த்தூள்' என்று இருப்பது லீலாவின் கையெழுத்து. அதற்கும் திருமணத்துக்கும் சம்பந்தமில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடமும் அண்ணாந்து பார்த்த கழுத்து, ஓய்வு பெற்றதும் தனக்கும் ஓய்வு வேண்டும் என்று கேட்டது. இடது கை சுண்டுவிரல் வரைக்கும் மரத்துப்போனது. ஜாலான் புசாரில் நஸீஹா என்று ஒரு பிசியோ. தங்கமான பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், கழுத்தெலும்பு ரெண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி உக்காந்திருக்கு. நடுவுல நரம்பு நசுங்குது. மெதுவா இழுத்துவிட்டா கொஞ்சம் இடம் கிடைக்கும்" என்றாள். இந்த ஊரில் மனிதனுக்கே இடம் கிடைப்பது கஷ்டம், எலும்புக்குக் கிடைக்கிறது என்றால் விடுவேனா? அங்கே மூன்று வாரம் மெஷினில் படுத்து இழுத்துக்கொண்டேன். இழுக்கும், விடும், இழுக்கும், விடும். சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். பிறகு வீட்டிலேயே செய்ய ஒரு சாதனம் கொடுத்தாள். கதவின் மேல் ஒரு கொக்கி, அதில் கப்பி, கப்பியில் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் தாடையையும் பின்மண்டையையும் பிடிக்கும் பட்டை, மறு முனையில் தண்ணீர்ப் பை. நாற்காலியில் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் தண்ணீரின் எடை தலையை மேலே தூக்கும். பையில் கோடு போட்டிருக்கும். "நாலாம் கோடு வரைக்கும்தான் தண்ணி. கால்மணி நேரம். முடிஞ்சதும் ஆன்ட்டி பையைத் தாங்கிப் பிடிச்சு மெல்ல இறக்கணும். நீங்களா படக்குனு கழட்டக் கூடாதுலா" என்று மூன்று முறை சொன்னாள்.

போன ஞாயிறன்று தாங்கள் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் ராகு காலம் கழிந்துதான் வருவார்கள் என்று நாங்கள் எண்ணினோம். ராகு காலத்துக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும் என்று தாங்கள் எண்ணினீர்கள். ஒரே ராகு காலத்துக்குப் பயந்து நாங்கள் ஒரு பக்கம் ஓடினோம், தாங்கள் மறு பக்கம் ஓடி வந்தீர்கள். நாலே காலுக்கு லீலாவும் இனியாவும் என்னை அறைக் கதவில் மாட்டிவிட்டு, "பத்து நிமிஷத்துல வந்துடுறோம், அசையாம உக்காருங்க" என்று பூவும் ஜாங்கிரியும் வாங்கக் கீழே போனார்கள். அவர்கள் திரும்பி வர வசதியாக வாசல் கேட்டைத் தாழிடவில்லை. அந்தக் கேட் வழியாகத்தான் நாலு இருபத்தைந்துக்குத் தாங்கள் தாம்பூலத் தட்டோடு உள்ளே வந்தீர்கள்.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வருகிறார். எழுந்து வரவேற்க முடியவில்லை. "வாங்க" என்று சொல்ல வாய் திறக்கவில்லை, தாடை பட்டைக்குள் இருக்கிறது. கைலி, கைவைத்த பனியன், தலையில் பட்டை, கதவைப் பார்த்த முகம். என் கடைக்கண்ணுக்குத் தெரிந்த வரையில், பூவம்மா அவர்கள் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்னங்க, சம்பந்தி ஏதோ வேண்டுதல் பண்றாரு போல, தொந்தரவு பண்ணாதீங்க" என்றார்கள். அந்தப் பெருந்தன்மையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

தாங்களோ கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "சம்பந்தி, நாலரைக்கு இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு. தை பதினொண்ணு. ஜோசியர் குறிச்சுக் குடுத்துட்டாரு. உங்களுக்குச் சம்மதமா? ஒரு தலையசைப்பு போதும், மிச்சத்தை ஆறு மணிக்கு மேல பேசிக்கலாம்" என்றீர்கள். சம்மதமா என்றா கேட்டீர்கள்? நான் எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி அது! சந்தோஷத்தில் தலையைக் கீழே ஆட்டினேன். தண்ணீர்ப் பை விடுமா? தலையை வெடுக்கென்று மேலே இழுத்தது. இழுத்த வேகத்தில் பல்லோடு பல் மோதி 'ச்' என்று சத்தம் வந்தது. தலையை மேலே தூக்கி 'ச்' கொட்டினால் நம் சனத்துக்கு என்ன அர்த்தம் என்பது தங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பதறிப்போய் மறுபடி ஆட்டினேன். மறுபடி 'ச்'. மூன்றாவது முறை பலத்தையெல்லாம் திரட்டி ஆட்டினேன். அதற்கும் 'ச்'. நாலாவது முறை ஆட்டியபோது கொக்கி கழன்று, பை தரையில் விழுந்து வெடித்து, என் தாடை நெஞ்சில் போய் முட்டியது. அதற்குப் பிறகு என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரும் தங்கள் நான்கு பாதங்களும்தான். பாதங்கள் வாசலை நோக்கிப் போயின. மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். தாங்களும் இல்லை, தட்டும் இல்லை.

கொண்டு வந்த தட்டைத் திருப்பி எடுத்துப் போவது என்றால் சாதாரணமா? லீலா வந்து பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், ஈரம் ஏழாம் கோட்டில் நிற்பதைப் பார்த்தாள். ஆம், ஏழாம் கோடு. மாட்டுவதற்கு முன்பே லீலாவுக்குத் தெரியாமல் நான் நிரப்பி வைத்தது. இருபது மாடி லிஃப்ட்டுக்கு எதிர் எடை கணக்குப் போட்டவனுக்கு ஒரு சின்னப் பெண் நாலாம் கோடு என்று சொல்வதா என்று ஒரு திமிர். நாலு கோடு ஒரு வாரம் இழுப்பதை ஏழு கோடு ஒரே நாளில் இழுத்துவிடும், கல்யாணத்தில் நிமிர்ந்து நிற்கலாம் என்று ஒரு பேராசை. மூன்று நாளாக லீலா என்னோடு பேசுவதில்லை. சோறு வருகிறது, சொல் வருவதில்லை.

இனியாதான் என் நெஞ்சைப் பிழிகிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள். அப்பன் மனம் நோகக் கூடாது என்று துக்கத்தை அடக்கிப் பாடுகிறாள், ஐயா.

அவள் முதன்முதலில் ரஞ்சனை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஒன்பது மாடியும் படி ஏறி வந்த பையன், மூச்சு வாங்கிக்கொண்டே, "அங்கிள், லிஃப்ட் டோர் சென்சார்ல தூசின்னு நினைக்கிறேன்" என்றான். அன்றே நான் சம்மதித்துவிட்டேன். என் மகளுக்கு இவனைவிட நல்லவன் கிடைக்க மாட்டான். அவளும் இவனோடு இருக்கும்போது சிரிப்பதுபோல் வேறெங்கும் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கழுத்து சொன்னதைத் தயவுசெய்து நம்ப வேண்டாம். அதை ஆட்டியது தண்ணீர். சம்மதம், சம்மதம், சம்மதம். தை பதினொன்று சம்மதம். அதற்கு முன்பே என்றாலும் சம்மதம்.

தங்கள் வேட்டியை நனைத்ததற்கும், வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பியதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். வீரமாகாளியம்மன் தங்கள் குடும்பத்தாரை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். முக்கியமாக முதுகெலும்பைக் காக்கட்டும். பூவம்மா அவர்களுக்கு என் வணக்கம். ரஞ்சனுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் தங்கள் சொல்லுக்குத் தலையாட்டும்,
தங்கராஜு

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு முடித்த நேரத்தில் இனியா வேலை முடிந்து வந்தாள். குளிர்பெட்டிக் கதவில் முழுவதையும் படித்தாள். படித்துவிட்டுக் குளிர்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, நாலாவது தடவை தலை நெஞ்சுல முட்டுற மாதிரி ஆட்டினீங்களாமே? இவ்வளவு பெரிய சம்மதத்தை ஆயுசுல பார்த்ததில்லைன்னு கதிரேசன் அங்கிள் ஹால் புக் பண்ணியாச்சு. வெத்தலை நனைஞ்சுபோச்சுன்னுதான் ஆன்ட்டி தட்டை எடுத்துட்டுப் போனாங்க, புதுசா வச்சுக் கொண்டுவர. அங்கிள்தான் ஈரக் காலோட நம்ம லிஃப்ட் வாசல்ல வழுக்கிட்டாரு. இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. உங்களை மாதிரியே அவரும் இப்ப நஸீஹாகிட்டதான் இழுத்துக்கிறாரு, அதே டிராக்‌ஷன். சம்பந்தி வீட்டுல விழுந்தேன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு போனைத் தொடவே மாட்டேங்கிறாராம். இதெல்லாம் ஞாயித்துக்கிழமையிலேருந்தே நம்ம குடும்ப குரூப்ல போட்டேன்லா!"

குரூப்பை நான் எப்படிக் குனிந்து பார்ப்பேன்? ஆனால் லீலா பார்த்திருக்கிறாள். மூன்று நாளும் தெரிந்தே இருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஏழு கோட்டுக்கு, கோட்டுக்கு ஒரு நாள்னு கணக்கு வச்சிருந்தேன். நாலு நாள் பாக்கி இருக்கு" என்றாள்.

ஆகவே, மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் வாபஸ் பெற்று, லிஃப்ட் வாசலில் விழுந்ததற்குப் புதிதாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மேல், நன்றாக மேல், நாங்களே அங்கு வருகிறோம். எழுந்து வரவேற்க வேண்டாம். படுத்தபடியே படிக்க வசதியாக, இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்துத் தங்கள் கட்டிலுக்கு மேலே கூரையில் ஒட்டச் சொல்லவும். படித்து முடித்ததும் தலையாட்ட வேண்டாம், சம்பந்தி. வாயால் சொன்னால் போதும்.