ஏ டிரைவில் சந்தனம்

உள்ளே போன ஃப்ளாப்பி வெளியே வர மாட்டேன் என்றது. எல்லப்பன் பொத்தானை அழுத்தினான். அதுவும் தன் பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் மட்டும் கர்ர், கர்ர் என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.

வேறு நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விஜயதசமியும் அதுவுமாக, கடை முதலாளி சந்திரமோகனின் அக்கா எல்லம்மாள் கனகம்மாசத்திரத்திலிருந்து மகனோடு வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள். முதலாளி மகள் ஷோபனாவை அவனுக்குக் கேட்கிறாள். ஷோபனா காலேஜில் சேர்ந்தே ரெண்டு மாசம்தான் ஆகிறது. ஆனால் முறைப் பையன், அதிலும் அக்கா பையன். யார் வாயைத் திறப்பது? ஜோசியர் பொய் சொல்வார், கம்ப்யூட்டர் சொல்லாது என்பது எல்லம்மாளின் கட்சி. பொருத்தம் பார்க்கிற புரோகிராமோ அந்த ஒரே ஃப்ளாப்பியில்தான் இருந்தது.

கோளாறு எங்கே என்று எல்லப்பனுக்குத் தெரியும். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு மானிட்டர், கீபோர்டு, ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனப் பொட்டு வைத்தவன், பக்தி முற்றிப்போய் ஃப்ளாப்பியின் தகட்டு மூடிக்கும் ஒன்று வைத்துத் தொலைத்திருந்தான். இந்த வேலை போனால் திருவாலங்காட்டில் மறுபடி கரும்பு வெட்டத்தான் போகவேண்டும். 

"இன்னாடா பாத்துகினு நிக்கற? இழுடா!" என்றார் முதலாளி.

இடுக்கி விட்டு இழுத்தான். மூடியின் ஸ்பிரிங் தெறித்து எல்லம்மாள் மடியில் போய் விழுந்தது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

எண்ணெய் விடச் சொன்னார் முதலாளி. பெட்டியைத் திறந்து, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயில் ரெண்டு சொட்டு விட்டான். சந்தனம் குழைந்து, ஃப்ளாப்பியைப் படிக்கிற முனையெல்லாம் அப்பிக்கொண்டது. ஒரு பொட்டு வைத்ததற்கு இத்தனை சந்தனம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை. துணியால் துடைக்கச் சொன்னார். துடைத்தான். நூல் மோட்டாரில் சுற்றிக்கொண்டது. கடைசியில் ஃப்ளாப்பி வந்தது, ரெண்டு துண்டாக.

"என் பொண்ணு வாழ்க்கைடா அது!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லம்மாள் எழுந்து முருகன் கோயில் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "வாணாம் நைனா. மலைக்குக் கீழ உக்காந்துகினு, முருகனே தடுக்கறத நான் மீற மாட்டேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

எல்லப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பொண்ணுக்கு அமையவேண்டிய கல்யாணத்தை எண்ணெய் ஊற்றிக் கெடுத்த பாவி ஆகிவிட்டோமே! கடைச் சாவியை எடுத்து முதலாளியிடம் நீட்டினான். எல்லாம் தன்னால்தான், தானே வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னான்.

முதலாளி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தெருமுனை திரும்பி மறைந்தபிறகுதான் மூச்சு விட்டார். சாவியை வாங்கி அவன் சட்டைப் பையிலேயே போட்டார்.

"நீ வெளிய ஒரு பொட்டுதான் வெச்ச. தகட்டுக்குள்ள விரலால வழிச்சி அப்புனது நானுடா. எங்கக்கா மூஞ்ச பாத்து மாட்டேன்னு சொல்ற தைரியம் எனக்கு ஏது?"