நிற்காத கத்திரிக்கோல்

"வாசல் திரைச்சீலையை வெட்டினது யாருப்பா?"

"கத்திரிக்கோல்."

"கத்திரிக்கோலை எடுத்தது?"

"கண்ணுல படுற இடத்துல வச்சவனைப் போய்க் கேளு."

வைத்தவன், கேட்ட மகன்தான்.

அப்பா தையல்காரர். நடுக்குவாதம் வந்து, ஊசியில் நூல்கூடக் கோர்க்க முடியாமல் கடையை மூடியவர். டாக்டர் புது மாத்திரை கொடுத்த பிறகு கை நடுக்கம் அடங்கியது. வீடே கொண்டாடியது. ஆனால் அடங்கிய கைக்கு இப்போது நிற்கத் தெரியவில்லை. வெட்டுவார், தைப்பார், பிரிப்பார், மறுபடி தைப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ, இந்த ஒரு தையல்" என்பார். அந்த ஒரு தையல் சாயங்காலம்வரை நீளும்.

மகன் கத்திரிக்கோலை ஒளித்தான். அவர் சவர பிளேடை எடுத்தார். போர்வை போனது.

பழைய துணிக்கடையிலிருந்து ஒரு மூட்டை துண்டுத்துணி வாங்கி வந்து கொட்டினான். அவர் அதை நிறம் நிறமாகப் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பினார். கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள் சுவரை ஒட்டிப் பல்லிபோல் போனார்கள்.

தையல் இயந்திரத்தின் வாரைக் கழற்றினான். அவர் மகனுடைய அலுவலகப் பையின் வாரை அறுத்து மாட்டிக்கொண்டார். முன்பைவிட நன்றாக ஓடியது.

கடைசியாகக் கத்திரிக்கோலைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினான். மறுநாள் பதவி உயர்வு நேர்காணல். காலையில் கோட்டை எடுக்கத் திறந்தால், கோட்டுக்கு இரண்டு கையும் இல்லை.

"அப்பா! பூட்டியிருந்ததே!"

"கொண்டை ஊசி இருக்கேடா. துணியையும் கத்திரிக்கோலையும் ஒரே இடத்துல வச்சிருக்கியே, இந்தப் பொறுப்பு உனக்கு முன்னமே வந்திருக்கக் கூடாதா?"

"என் பிழைப்புல கத்திரி போட்டுட்டீங்களேப்பா."

அப்பாவின் முகம் சுருங்கியது. "வேணாம்னுதான்டா நினைக்கிறேன். நினைச்சு முடிக்கிறதுக்குள்ள வெட்டிடுறேன்."

கை இல்லாத கோட்டுடன் போக முடியாது. நேர்காணலை விட்டுவிட்டு, அப்பா அம்மா இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனான்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "இது அவர் குணம் இல்லை. மாத்திரை செய்யுற வேலை. கையை ஆட்டிவைக்கிற இடத்தைச் சரி பண்ணப் போய், மூளையில ஆசையைக் கிளப்புற இடத்தையும் முடுக்கி விட்டுடுது. 'போதும்'னு சொல்ற பிரேக் பிடிக்கிறதில்லை."

"அப்ப நிறுத்திடுங்க டாக்டர்."

"சட்டுனு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாம். வெட்டுறது அடங்கும். ஆனா கை பழையபடி ஆட ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும்."

அப்பா தன் கைகளை மடியில் வைத்து, விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பரவாயில்லை, குறைச்சிடுங்க," என்றான் மகன்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். பையிலிருந்து ஒரு பெண்கள் கோட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். முதுகு திரைச்சீலை, உள்பக்கம் போர்வை, ஒற்றைக் கை மகனுடைய கோட்டு.

"ஊருக்கெல்லாம் தச்ச மனுஷன், டாக்டர், கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்குன்னு தைக்கிறது இது ஒண்ணுதான், இன்னொரு கையையும் வச்சு முடிக்கிற வரைக்கும் குறைக்காம இருக்கீங்களா?"