கோழிக்குத்தான் காது கேட்டது

எனக்கு ஒரு வியாதி உண்டு. அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகத் தெரிந்த மாதிரி சொல்லிவிடுவேன். அதை நம்பி என் அம்மா ஒரு தடவை மொட்டையே அடித்துக்கொண்டாள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காது டாக்டரின் அறையைப் பெருக்கித் துடைக்கும் வேலை எனக்கு. படித்தது இரண்டாம் வகுப்பு. (அதிலும் பாதி நாள் நாற்று நடப் போய்விட்டேன்.) டாக்டர் வெள்ளைக்காரர், முசே என்று கூப்பிடுவோம். நம்ம ஊர்ப் பேச்சு அவருக்கு நன்றாகவே வரும். பேச்சு வராத பிள்ளைக்குப் பின்னால் நின்று மணி அடிப்பார். திரும்பினால் காது கேட்கிறது, பேசப் பழக்கலாம் என்பார். ஆறு மாசம் துடைப்பமும் கையுமாகப் பார்த்தேன். நம்ம டாக்டர் படிப்பு முடிந்தது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

என் தங்கை லூர்துக்கு அப்போது ஐந்து வயசு. ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் வாயால் ஒரே ஒரு 'அம்மா' கேட்க அம்மா வேண்டாத நாளில்லை.

லீவுக்கு வில்லியனூர் வந்தேன். லூர்து வாசலில் கோழிகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் போய் வெண்கலத் தட்டில் கரண்டியால் ஓங்கி அடித்தேன். திரும்பினாள்! மறுபடி அடித்தேன். மறுபடியும் திரும்பினாள்.

"யம்மா! பாப்பாவுக்குக் காது கேக்குது!"

"இன்னாடி சொல்ற? நெசமாவா?"

"தெனம் பாத்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தொடப்பக்கட்ட எப்ப டாக்டர் ஆச்சு?" என்றார் திண்ணையில் இருந்த மாமா.

அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. மறுநாளே மாதா கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்து, மொட்டைத் தலையோடு வந்து நின்றாள்.

அடுத்த வாரம் ரயிலேறிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். முசே பின்னால் நின்று மணி அடித்தார். லூர்து ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை அடித்தார். திரும்பவில்லை.

"திரும்புடி கண்ணு," என்று அம்மா கெஞ்சினாள்.

எனக்கு மானம் போனது. "புது எடம், வெக்கப்படுறா முசே. எங்க வூட்ல கோழிங்க முன்னால நின்னா டக்குனு திரும்புவா."

"கோழி இன்னா பண்ணும்?"

"சத்தத்துக்குப் பயந்து ஓடும். அத பாத்து இவ..."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

முசே என்னைத் திட்டவில்லை. (திட்டியிருக்கலாம்.) லூர்துவின் உள்ளங்கையை எடுத்து அம்மாவின் தொண்டையில் வைத்தார். "இப்ப கூப்புடும்மா."

"லூர்து," என்றாள் அம்மா.

குழந்தையின் கண் விரிந்தது. கையை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து தினமும் அம்மா மடியில் ஏறித் தொண்டையைப் பிடித்துக்கொள்வாள். அம்மா எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். லூர்துக்குக் கடைசிவரை பேச்சு வரவில்லை.

போன மாசியில் காய்ச்சல் வந்தது. நாலே நாள். ஏழு வயசு முடியவில்லை.

நாற்பதாம் நாள் சாப்பாட்டில் யாரோ குண்டானைக் கீழே போட, கோழிகள் சிதறி ஓடின. "ஏ கோழி டாக்டரு, எல்லாத்துக்கும் காது நல்லாக் கேக்குது, சீட்டு எழுதிக் குடு!" என்றார் மாமா. எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மாவும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கை தொண்டைக்குப் போனது. சிரிப்பு அடங்கிய பிறகும் அங்கேயே இருந்தது.