எழுபத்தைந்து குதிரைகளும் என் மைத்துனனும்

என் காரை விற்பதில்லை என்று நான் முடிவெடுத்த அதே நாளில், அதை விற்றுவிடுவது என்று ரத்தினபாய் முடிவெடுத்தாள். எங்கள் வீட்டில் ஒரே நாளில் இரண்டு முடிவுகள் வந்தால் எது செல்லுபடியாகும் என்பது சேலையூர் முழுவதும் தெரிந்த விஷயம். ஆகவே நான் என் முடிவை வெளியே சொல்லவில்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டீசல் வண்டி. ஆயிரத்து முன்னூறு சிசி, நாலு சிலிண்டர், டர்போ, எழுபத்தைந்து குதிரைத் திறன். கிண்டியில் ரேஸ் நடக்கிற நாளில்கூட அத்தனை குதிரைகள் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்காது. என் போர்ட்டிகோவில் நிற்கும், கவர் போட்டு. ஒரு மழைக்காலத்தில் முடிச்சூர் ரோட்டுத் தண்ணீரில் நின்றுபோன பஸ் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தது இந்த வண்டிதான். பஸ் நிறைய ஆள். ஒருவரையும் இறங்கச் சொல்லவில்லை. கண்டக்டர் மரியாதைக்கு எனக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

ரத்தினபாய் இதே கதையை வேறு மாதிரி சொல்வாள். அதில் கயிறு இருக்கும், பஸ் இருக்காது. இழுத்தது ஒரு ஷேர் ஆட்டோ. இழுபட்டது நாங்கள்.

"லாசரஸுக்குக் கொடுத்துடுங்க" என்றாள் ஒரு நாள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

லாசரஸ் அவள் தம்பி. ஊரப்பாக்கத்தில் வீடு கட்டியிருக்கிறான். மகள் ஜென்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலில் ஒரு கார் நிற்க வேண்டுமாம்.

"நிக்கறதுக்குத்தானே? ஒரு தென்னங்கன்னு வைக்கச் சொல்லு."

"நீங்க மட்டும் என்ன பண்றீங்க? சர்ச்சுக்குப் போறீங்க, காய்கறிக் கடைக்குப் போறீங்க. ரெண்டும் நடந்து போற தூரம். நடுவுல ரிவர்ஸ் எடுக்கத்தான் நேரமாகுது."

"அது என் வண்டி, ரத்தினம்."

"சொந்தத்துக்குக் கொடுக்க மனசில்லை. அப்படிச் சொல்லுங்களேன்."

இந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. வெளியில் இந்த வண்டிக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். வீடு கட்டி முடித்த லாசரஸின் நிலைமையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேம்பாலமே கட்டலாம்.

"சொந்தம் வேற, வியாபாரம் வேற. வெளியாள் என்ன விலைக்குக் கேட்கிறானோ அந்த விலைக்குத்தான் உன் தம்பிக்கும். ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன்."

அவள் கத்தியை நிறுத்தினாள். "கூட்டவும் மாட்டீங்களே?"

"கூட்டவும் மாட்டேன். நான் நியாயஸ்தன்."

"சரிங்க" என்று மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அவள் 'சரிங்க' என்று சொன்னது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாளே ஜென்சியை விட்டு வண்டியின் படத்தை விற்பனைக்கு என்று போனில் போட்டுவிட்டாள். விலை தெரிய வேண்டுமாம். எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. வருகிறவன் நல்ல விலை சொல்லி வண்டியையே கொண்டுபோய்விட்டால்? லாசரஸிடமிருந்து காப்பாற்றி ஊரானிடம் கொடுத்த கதையாகிவிடும்.

வருகிறவர்களைத் துரத்த வேண்டும். ஆனால் நான் சபைக் கமிட்டியில் இருக்கிறவன், பொய் சொல்ல முடியாது. உண்மையை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், அதற்கு எந்தக் கமிட்டியும் வரம்பு வைக்கவில்லை. டீசல் இன்ஜின்களுக்குப் பொதுவாக என்னென்ன கோளாறு வரும் என்று உட்கார்ந்து படித்தேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள்கூட அப்படிப் படித்திருக்க மாட்டார்கள்.

முதலில் வந்தவர் குரோம்பேட்டை ஸ்ரீவத்சன். கம்ப்யூட்டர் வேலை, சின்ன வயது. பானெட்டைத் திறந்து காட்டினேன்.

"டைமிங் செயின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா தம்பி?"

"இல்லை சார்."

"இந்த மாதிரி இன்ஜின்ல பெல்ட் கிடையாது, செயின். ஆயுசுக்கும் வரும்பாங்க. யாரோட ஆயுசுன்னு சொல்ல மாட்டாங்க. ஆயில் மாத்தறது தள்ளிப்போனா செயின் தளர்ந்துடும். ஒருநாள் பல் தாண்டும். பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதோட இன்ஜின் முடிஞ்சுது."

"அதுக்கு முன்னாடி ஏதாவது தெரியுமா சார்?"

"காலைல ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு சத்தம் வரும்."

"இதுல வருதா?"

"இன்னைக்கு வரலை" என்றேன். சத்தியமான உண்மை.

ஸ்ரீவத்சன் சவப்பெட்டியை மூடுகிற மாதிரி பானெட்டை மெல்ல மூடினார். ரத்தினபாய் எலுமிச்சை ஜூஸோடு வந்தாள். "எடுக்க வேண்டாம் தம்பி. எடுக்கறதா இருந்தா என்ன விலைக்கு எடுப்பீங்க? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க." அவர் கூச்சத்தோடு ஒரு விலை சொன்னார். நான் நினைத்ததில் பாதி. மனசு வலித்தது. ஆனாலும் ஆள் போய்விட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்தவர் சத்தியநாதன் ஐயா. நாலு வீடு தள்ளி இருக்கிறார், எங்கள் சபையின் பொருளாளர். இவரிடம் கொஞ்சம் மேற்படிப்பே நடத்தினேன். இன்ஜின் விடுகிற புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்புகிற வால்வு ஒன்று இருக்கிறது. நெடுந்தூரம் ஓட்டினால் சூடேறி உள்ளே சுத்தமாக இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் இன்ஜினுக்கு மூச்சு முட்டும், கறுப்பாக இருமும்.

"நீங்க எங்கெங்க ஓட்டுறீங்க அசரியா?"

"சர்ச்சுக்கும் காய்கறிக் கடைக்கும்."

அவர் நோயாளியின் நெற்றியைத் தொடுகிற மாதிரி பானெட் மேல் கையை வைத்தார். ரத்தினபாயிடம் ஒரு விலை சொன்னார். ஸ்ரீவத்சன் சொன்னதில் பாதி.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில், சுகவீனமானவர்களுக்காக வேண்டுகிற நேரத்தில், சத்தியநாதன் ஐயா எழுந்து நின்றார். ஒரு சகோதரியின் மூட்டுவலிக்காக வேண்டினார். ஒருவரின் வெளிநாட்டு விசாவுக்காக வேண்டினார். பிறகு, "அன்புச் சகோதரர் அசரியாவின் வாகனத்தில் மூச்சடைப்பு நீங்கவும், அந்தச் செலவைத் தாங்க அவருக்குப் பெலன் கிடைக்கவும்" என்றார். குரல் தழுதழுத்தது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ரத்தினபாய் என்னை முழங்கையால் இடித்தாள். நானும் சொன்னேன்.

கடைசியாக வந்தவர் பொன்னுரங்கம். கோவளத்தில் மீன் எடுத்துக் கோவிலம்பாக்கத்தில் கடை வைத்திருப்பவர். குடும்பத்தோடு வெளியே போக ஒரு கார் வேண்டுமாம்.

"சார், வண்டி ஓடுமா, ஓடாதா? அத்த மட்டும் சொல்லு."

"ஓடும். ஆனா இன்ஜெக்டர்னு நாலு இருக்கு. டீசல்ல கொஞ்சம் தண்ணி கலந்திருந்தாப் போதும்..."

"தண்ணி இப்ப கலந்து கீதா?"

"பங்க்காரனுக்குத்தான் தெரியும். அதை விடுங்க, டர்போ இருக்கே, அது நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல சுத்தும். ஆயில் சரியாப் போகலைன்னா..."

"இன்னா சார் பேஜாரா கீது" என்றார் பொன்னுரங்கம். "வண்டிய விக்கிறியா, ஆஸ்பத்திரில சேக்கிறியா?"

ரத்தினபாய் காபியோடு வந்தாள். "அண்ணா, ஒரு விலை சொல்லிட்டுப் போங்க."

"மன்சுல வெச்சுக்காத அக்கா. இரும்பு வெலதான் போவும்" என்று ஒரு தொகையைச் சொன்னார். அதற்கு வண்டியின் சீட் கவரே வராது.

"ரொம்ப நன்றி அண்ணா" என்றாள் ரத்தினபாய். இரும்பு விலை சொன்னவருக்கு முறுக்கு வேறு வைத்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எல்லோரையும் துரத்தியாயிற்று, வண்டி எனக்குத்தான் என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் லாசரஸ் உட்கார்ந்திருந்தான், கையில் ஒரு கவரோடு. மெலிந்த கவர்.

"மார்க்கெட் விலை வந்தாச்சுங்க. பொன்னுரங்கம் அண்ணன் சொன்ன விலை. லாசரஸ் அதையே கொண்டுவந்திருக்கான். ஒரு ரூபாய் குறைக்கலை" என்றாள் ரத்தினபாய்.

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "லாசரஸ், இந்த வண்டி தங்கம்ப்பா. ஒரு கோளாறு கிடையாது. செயின் சத்தமே இல்லாம ஓடுது."

"அப்போ சத்தியநாதன் ஐயாகிட்ட சொன்னது?" என்று கேட்டாள்.

"அது பொதுவா டீசல் இன்ஜினுக்கு வரக்கூடியது, ரத்தினம். நம்ம வண்டிக்கு வந்திருக்குன்னு நான் சொல்லவே இல்லையே."

"நல்லதாப் போச்சு. நாலு வீடு தள்ளித்தானே இருக்கார். நம்ம வண்டிக்கு ஒண்ணுமில்லை, வாங்க வந்தவங்களைத் துரத்தத்தான் அப்படிச் சொன்னேன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. உங்க வண்டிக்காக அழுத மனுஷன்."

கேட்டைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை.

"கோளாறு இருந்தா இருக்கட்டும் அத்தான்" என்றான் லாசரஸ் பெருந்தன்மையாக. "எனக்கு நிக்கத்தானே வேணும்."

சாவியைக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினான். "நீங்களே கொண்டுவந்து விட்டுடுங்க அத்தான். எனக்கு ஓட்டத் தெரியாது."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ரத்தினபாயே வழியும் சொன்னாள். வண்டி சும்மா நின்றால் கெட்டுவிடும், வாரம் ஒரு தடவை யாராவது செங்கல்பட்டு வரைக்கும் ஓட்டிவிட்டு வர வேண்டும் என்றாள். அந்த யாராவது நான்தான். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் தாம்பரத்தில் ரயிலேறி ஊரப்பாக்கத்தில் இறங்குகிறேன். வண்டியை எடுத்து ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டுக்கு விடுகிறேன். டீசல் லாசரஸ் செலவு, சர்வீஸ் லாசரஸ் செலவு, ஸ்டியரிங் என் கையில். ஜெயித்தது நான்தான் என்று ரத்தினபாயிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

போன சனிக்கிழமை ஜென்சியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து அவர்களை அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது. ரத்தினபாய் வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேன்ட்டும் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். கலர் சட்டை போடுகிறேன் என்றேன். நல்ல காரியத்துக்கு வெள்ளைதான் என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா பெரிய மனிதர். பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக நான் இன்ஜினின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றார். ஊரப்பாக்கத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி வண்டியை வாசலில் நேராக நிறுத்தினேன். கதவைத் துடைத்தேன். அதற்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். வாசற்படியில் கால் வைத்தபோது மாப்பிள்ளையின் அப்பா பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"வண்டியை நல்லா வச்சிருக்கீங்க. டிரைவர்தான் கொஞ்சம் பேசறார், ஆனா அனுபவஸ்தர். பாவம், வெளியில நிக்கறார் போல. அவருக்கு ஏதாவது காபி கொடுத்தீங்களா?"

நான் நின்றேன்.  இப்போது ரத்தினபாய் நான் யார் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

ரத்தினபாய் சொன்னாள்: "கொடுக்கணுங்க. ஜென்சி, அவருக்குச் சர்க்கரை போடாதே."