இருபது முள் பெடலும் ஒரு பட்டு வேட்டியும்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் மூன்று வாரம் ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பழக வேண்டும். அந்தப் பொருளைப் பற்றி அவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்யக்கூடாது என்பதைத் தவிர. நான் அந்த ரகம். ஐந்து வருடத்துக்கு முன்பு என் சைக்கிளுக்கு ஒரு ஜோடி பெடல் வாங்கினேன். அதைப் பற்றி என் தங்கையின் புகுந்த வீட்டில் இன்றைக்கும் பேசுகிறார்கள். நான் இருக்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறார்கள்.

சைக்கிள் வந்தது டாக்டர் புண்ணியத்தில். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் உடம்பை அசையுங்கள் என்றார். நடந்தால் போதும் என்றுதான் அவர் சொன்னார். நான் மலைச் சைக்கிள் வாங்கினேன். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் மலை என்று முடிகிற ஊர்ப்பெயர்கள் நிறைய உண்டு. போய்ப் பார்த்தால் எல்லாம் பாறைக் குன்று, மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்குள் உச்சி வந்துவிடும். அதனால் என் மலையேற்றம் முழுக்க ஊருக்கு வெளியே தைலமரக்காட்டில்தான் நடந்தது. செம்மண்ணும் சரளையும் மேடும் பள்ளமுமாக அங்கே வண்டித்தடங்கள் ஓடும். காலையில் அந்த வாசனைக்குள் ஓட்டிக்கொண்டு போனால் மூக்கடைப்பு உள்ளவனுக்குக்கூட உலகத்தின் மேல் நல்லெண்ணம் வரும்.

சைக்கிளோடு வந்த பெடல் வழவழவென்று பிளாஸ்டிக். சரளையில் ஒரு குலுக்கல் குலுக்கினால் கால் வழுக்கி, பெடல் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும். (அந்த இடத்தில் அடிபட்டவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.) ஆகவே அகலமான தட்டைப் பெடல் வாங்குவது என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இரும்பு முள் நீட்டிக்கொண்டு, செருப்பின் அடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் வகை. ஆராய்ச்சி தொடங்கியது.

அலுமினியமா நைலானா? முள் தனியாகத் திருகி மாட்டியதா, அச்சிலேயே வார்த்ததா? உள்ளே குண்டு பேரிங்கா, மூடிய பேரிங்கா? நல்லதென்று எல்லோரும் சொன்னவை விலையில் என் சைக்கிளையே எட்டிப் பிடித்தன. விலை மலிவானவற்றில் நடுவில் குழிந்ததா, மேடானதா என்று வெளிநாட்டுக்காரர்கள் இருபது நிமிடம் பேசிய வீடியோக்களைச் சாப்பிடும்போதும் பார்த்தேன். பெடலைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்த ஒருவருக்கு நன்றி சொல்லிக் கடிதம்கூட எழுதினேன். அவர் பதில் போடவில்லை.

என் மனைவி சுமதி ஒரு ராத்திரி கேட்டாள். "ஏங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டுல எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

அரை மணி நேரம் இருக்கும் என்றேன்.

"அதுலயும் பாதி நேரம் பஜ்ஜிதான தின்னீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைசியில் நைலான் உடம்பு, ஒவ்வொரு பெடலிலும் பக்கத்துக்குப் பத்தாக இருபது இரும்பு முள் கொண்ட மலிவான ஜோடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு அதில் பிடித்தது ஒரே ஒரு விமர்சனம்: பிடித்தால் விடாது என்று யாரோ எழுதியிருந்தார்கள். வந்ததும் கடைவீதியில் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து மாட்டச் சொன்னேன். அவர் மாட்டிக்கொண்டே, சார், எடப்பக்கம் மட்டும் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் எல்லாம் படிச்சிட்டேங்க என்று அவர் வாயை அடைத்தேன். அவர் நல்ல மனிதர், அடைத்த வாயைத் திறக்கவில்லை.

இனி என் தங்கை கவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு என்னால் புகுந்த வீட்டில் ஒரு தலைக்குனிவு ஏற்கெனவே இருந்தது. அவளுடைய வளைகாப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்திருந்தார்கள். ஒங்க அண்ணன் எதுக்குமே நேரத்துக்கு வரமாட்டாரோ என்று அவள் மாமியார் சிரித்துக்கொண்டுதான் கேட்டாராம். அந்தச் சிரிப்பு ஒரு வருடமாகக் கவிதாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. இப்போது அவள் மகளுக்குக் காதுகுத்து, இலுப்பூர்ப் பக்கம் அவர்கள் குலசாமி கருப்பர் கோவிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் தாய்மாமன்தான் கொண்டு போக வேண்டும். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. முதல்நாள் போன் செய்தாள்.

"அண்ணே, நான் ஒன்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. நாளைக்கு ஒருநா மட்டும் நேரத்துக்கு வந்துரு. அவங்க முன்னாடி என்னால இன்னொரு தடவ நிக்க முடியாது."

அதைக் கேட்ட எந்த அண்ணனும் மறுநாள் ஒழுங்காக வேனில் ஏறி உட்கார்ந்திருப்பான். நானோ, சாலை வழி பதினெட்டு கிலோமீட்டர், தைலமரக்காட்டு வழி பதினொன்று, அதனால் சைக்கிளில் போனால் வேனுக்கு முன்னால் போய் நிற்பேன் என்று கணக்குப் போட்டேன். உண்மைக் காரணம் வேறு. சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் அங்கே இருப்பார்கள். புதுப் பெடலைக் காட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சீர்த்தட்டுகளோடு சுமதி வேனில் ஏறும்போது, தோட்டையாவது என்னிடம் கொடுங்கள் என்று கேட்டாள். தாய்மாமன் கையால் கொடுப்பதுதான் மரியாதை என்று சொல்லி மறுத்துவிட்டேன். சிவப்பு டப்பியை, சைக்கிள் ஓட்டுவதற்கென்றே வாங்கிய டிரவுசரின் ஜிப் பைக்குள் பத்திரமாக வைத்தேன். உட்காருகிற இடத்தில் பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்த டிரவுசர் அது. போட்டுக்கொண்டு நடந்தால் பின்பக்கம் கைக்குழந்தைக்குத் துணி கட்டியது மாதிரி இருக்கும். அதற்கு மேலே பட்டு வேட்டி. கவிதாவின் வீட்டார் தாய்மாமனுக்கென்று எடுத்துக் கொடுத்தது, நாலு விரல் ஜரிகை. அதைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பினேன்.

முதல் ஆறு கிலோமீட்டர் ராஜ சவாரி. செருப்பை முள் கவ்விய கவ்வில் கால் ஒரு மயிரிழை நகரவில்லை. எழுதியவர்கள் அத்தனை பேரும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து போனேன். காட்டுக்கு நடுவில் ஓர் இறக்கம் வந்தது. வீடியோவில் பார்த்தபடி சீட்டிலிருந்து எழுந்து, முழங்கையை விரித்து, குனிந்து இறங்கினேன். பட்டு வேட்டிக்கு இதெல்லாம் பழக்கமில்லை. மடிப்பு அவிழ்ந்தது. இடது பக்க முனை தொங்கிப் பெடலில் பட்டது. பெடல் அதைப் பிடித்துக்கொண்டது.

பிடித்தால் விடாது என்றேனே. கால் தடுமாறி விலகியதும் பெடல் தன்பாட்டுக்குச் சுழன்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் வேட்டி கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் பாயைப் போல் சுருண்டு ஏறியது. நானும் சைக்கிளும் செம்மண்ணில் சாய்ந்து, தூசி அடங்கியபோது என் இடுப்புக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு முழம் வேட்டிதான் மிச்சம். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. சைக்கிளைக் கும்பிடுகிற மாதிரி குனிந்துதான் நிற்க முடிந்தது.

சுருளைப் பின்னால் சுற்றி எடுக்கப் பார்த்தேன். முள் ஒவ்வொன்றும் நாலைந்து மடிப்பைக் குத்திக்கொண்டு நின்றது. லேசாக இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம், ஜரிகையில் ஒரு இழை போயிற்று. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்கள் எடுத்துக் கொடுத்த வேட்டியைக் கிழித்துக்கொண்டு காதுகுத்துக்குப் போய் நிற்பதா? வேட்டியை விட்டுவிட்டுப் பஞ்சுத் திண்டு டிரவுசரோடு தங்கையின் மாமியார் முன்னால் போவதா? போன் எடுத்தால் காட்டுக்குள் சிக்னல் இல்லை. மணி ஒன்பது ஐம்பது. சரி, வேட்டியை அவிழ்த்து வைத்து நிதானமாக ஒவ்வொரு முள்ளாக எடுப்போம் என்று பெல்ட்டில் கையை வைத்தேன். அப்போது ஒரு மொபெட் சத்தம் கேட்டது.

வந்தது மீன் விற்கிற ஓர் அம்மா. கட்டுமாவடியிலிருந்து விடியற்காலையில் வேனில் வரும் மீனை வாங்கி, பின்னால் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர். பேர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது. வண்டியை நிறுத்தி, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன தம்பி, சாமி கும்புடுறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். தோட்டைச் சொன்னேன், பத்தரையைச் சொன்னேன், தங்கையைச் சொன்னேன். அவர் மொபெட் சீட்டைத் தூக்கி ஒரு ஸ்பானரை எடுத்தார். துணியை இப்போது நோண்டினால் கிழிந்துவிடும், பெடலையே கழற்றி வேட்டியோடு கொண்டுபோய்விடலாம் என்றார். எனக்குத் தோன்றாத யோசனை. தோன்றாததை ஈடுகட்ட, ஸ்பானரை அவர் கையிலிருந்து வாங்கி நானே கழற்ற ஆரம்பித்தேன்.

உலகத்தில் எல்லாத் திருகும் இடது பக்கம் திருப்பினால் கழலும். திருப்பினேன். அசையவில்லை. பலத்தைக் கூட்டினேன். முட்டி போட்டேன், பல்லைக் கடித்தேன், ஸ்பானரின் மேல் ஏறி உட்காராத குறை. பாக்கியம் அக்கா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி என்ன வேல பாக்குறீங்க?"

பிசிக்ஸ் வாத்தியார் என்றேன். (பதினோராம் வகுப்புக்குத் திருப்பு விசை பாடம் பன்னிரண்டு வருடமாக நடத்துகிறேன் என்பதை நல்லவேளையாகச் சொல்லவில்லை.)

"எடப்பக்கப் பெடலு ஏறுக்குமாறால்ல கழலும். இம்புட்டு நேரமும் நீங்க இறுக்கிக்கிட்டு இருக்கீங்க. அங்கிட்டுத் திருப்புங்க."

கடைக்காரர் சொல்ல வந்ததும் அதுதான். நான் இறுக்கிய இறுக்கத்தைக் கழற்ற எங்கள் இரண்டு பேர் பலமும் தேவைப்பட்டது. மொபெட் ஓட்டுவதற்கு முன்னால் எட்டு வருடம் சைக்கிளில் மீன் விற்றவராம் அவர். எத்தனையோ பெடல் கழற்றி மாட்டியிருக்கிறார், ஒன்றைப் பற்றியும் படித்ததில்லை.

ஒற்றைப் பெடலோடு சைக்கிளை ஓட்ட முடியாது. அதை ஒரு தைலமரத்தில் சாத்திப் பூட்டிவிட்டு, மொபெட்டில் மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். ஒரு கையில் பெட்டியின் கயிறு, இன்னொரு கையில் வேட்டியில் தொங்கும் பெடல். ஐஸ் உருகிய தண்ணீர் பஞ்சுத் திண்டில் ஊறியது. அந்தத் திண்டின் உறிஞ்சும் திறன் பற்றி எந்த விமர்சனத்திலும் எழுதவில்லை, மிகவும் நன்று. ஊர் எல்லையில் இரண்டு நாய்கள் எங்களோடு சேர்ந்துகொண்டன.

பத்து இருபதுக்குக் கோவில் வந்தது. வாசலில் கவிதாவின் மாமியார் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் குழந்தையோடு கவிதா. அவள் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் கண்ணில் மொபெட்தான் முதலில் பட்டது. கையை ஆட்டி மறித்தார்.

"மீன் வேணாம்மா, இன்னிக்குக் கெடா வெட்டியாச்சு."

பாக்கியம் அக்கா வண்டியை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டார். "மீனு இல்லம்மா. தாய்மாமன் கொண்டாந்துருக்கேன், எறக்கிக்கங்க."

மேளக்காரர்கள்கூட மேளத்தை மறந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருவருக்குக் கடமை ஞாபகம் வந்து கொட்டத் தொடங்கினார். சுமதியும் மற்றப் பெண்களும் சீர்த்தட்டுகளைத் தூக்கினார்கள். நான் எல்லோருக்கும் முன்னால், நனைந்த பின்புறத்தோடு, பெடலைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு மேளத்தோடு நடந்தேன். பின்னால் நாய்கள்.

மடியில் குழந்தையை வைத்தார்கள். ஆசாரி தோடு எங்கே என்றார். தோடு டிரவுசர் பையில் இருந்தது. மொத்தச் சபைக்கும் முன்னால் வேட்டியைத் தூக்கி, ஜிப்பைத் திறந்து எடுத்தேன். (அந்த நொடியில் போட்டோக்காரர் எடுத்த படம்தான் ஆல்பத்தில் முதல் பக்கம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.) முதல் காதைக் குத்தியதும் குழந்தை கருப்பரே எழுந்து வருகிற மாதிரி வீறிட்டது. தலையைத் திருப்பியது, துள்ளியது, யார் பிடித்தும் அடங்கவில்லை. மணி பத்து இருபத்தெட்டு. கவிதா என்னைப் பார்த்தாள். நானோ முள்ளைக் குழந்தை தொட்டுவிடக்கூடாதே என்று உள்ளங்கையால் பெடலை அழுத்தி மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மூடிய கைக்கு வெளியே பெடலின் அச்சு மட்டும் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அதைப் பிடித்தாள். திருகினாள். கிர்ரென்று சுழன்றது. அழுகை பாதியில் நின்றது. மறுபடி திருகினாள். மலிவான குண்டு பேரிங்குக்கே உரிய அந்தச் சத்தத்தில் அவள் மெய்ம்மறந்திருந்தபோது ஆசாரி இரண்டாவது காதையும் குத்தி முடித்துவிட்டார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாமியார்தான் முதலில் சிரித்தார். போன தடவை மாதிரிச் சிரிப்பில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கவிதாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பாக்கியம் அக்கா அன்றைக்குப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து கெடாக்கறி சாப்பிட்டார்.

வேட்டியை முள்ளிலிருந்து ஒவ்வொரு மடிப்பாக விடுவித்த பிறகு பெடலை நான் கேட்டேன். குழந்தை கொடுக்கவில்லை. கவிதாவும் கொடுக்கவில்லை. முள்களைத் திருகிக் கழற்றிவிட்டு விளையாட்டுச் சாமானோடு சேர்த்துவிட்டாள். இன்றைக்கும் என் சைக்கிளில் வலது பக்கம் மூன்று வார ஆராய்ச்சி, இடது பக்கம் கடைக்காரர் சிரிக்காமல் மாட்டிக்கொடுத்த ரப்பர் பெடல். விமர்சனத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். வேட்டி சகிதம் சோதித்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

போன மாதம் அவர்கள் வீட்டில் இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். நான் வேனில் போனேன், ஒரு மணி நேரம் முன்னதாகவே. வாசலில் நின்றிருந்த என் மருமகள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். உள்ளே திரும்பி அவளுடைய அப்பத்தாவிடம் சத்தமாகச் சொன்னாள்.

"அப்பத்தா, மாமா மட்டும்தான் வந்திருக்காரு. மீன் வண்டியையும் காணோம், பெடலையும் காணோம். தம்பிக்கு எப்புடிக் காது குத்துவாங்க?"

கவிதாவின் மாமியார் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய், பழைய பெடலைத் துடைத்துக் கொண்டுவந்து, சீர்த்தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார்.