பொரோஸ் கெர்தா அம்மாளின் கருத்து

வருகிற ஞாயிறு என் வீட்டு டிவியில் ஹாக்கிதான் ஓடும், இல்லையென்றால் என் பெயர் ஸ்தூரே இல்லை என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான். பக்கத்தில் என் மனைவி யோர்டிஸ் இருந்தாள்.

பனிக்காலம் பிறந்ததிலிருந்து ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டு டிவியில் ஒரு ஆஸ்பத்திரி திறந்துவிடும். தாத்தாவுக்குத் தாத்தா காலத்து ஸ்டாக்ஹோம், பிரசவ வார்டு, மீசை வைத்த டாக்டர். அதே எட்டு மணிக்குத்தான் எங்கள் ஊர் அணியின் ஆட்டமும். டிவி ஒன்று. ரிமோட் யார் கையில் என்று கேட்கிறவர் இன்னும் கல்யாணம் ஆகாதவர்.

நேராக மோதினால் மண்டைதான் உடையும். அதனால் அந்தத் தொடரின் நேயர் கருத்துப் பக்கத்துக்குள் புகுந்தேன். 'கெர்தா, ஓய்வுபெற்ற நர்ஸ், பொரோஸ் நகரம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். யோர்டிஸ் அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பவள். ஒரு நர்ஸே கிழித்துப் போட்டால் வெறுத்துவிடுவாள் அல்லவா?

கிழித்தேன். டாக்டர் கை கழுவியது போதாது என்றேன். பிறந்த குழந்தைக்கு மூன்று மாதக் கன்னம் என்றேன். கை சூடுபிடித்துவிட்டது. இரண்டு நர்ஸுகள் ஆளுக்கொரு முனை பிடித்துப் படுக்கை விரிப்பை இழுத்து மடித்த காட்சியையும் விடவில்லை. 'தண்டச் சம்பளம். தாடையில் இடுக்கிக்கொண்டால் ஒரு ஆளே மடித்துவிடலாம்' என்று போட்டேன்.

நாடே கொதித்தது. ஸ்வீடனில் பிரதமரைத் திட்டலாம். விரிப்பைத் தனியாக மடிக்கலாம் என்று மட்டும் சொல்லக் கூடாது. டாக்டரின் கையைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

காபி நேரத்தில் யோர்டிஸ் வாசித்துக் காட்டினாள்.

"லூலியோக்காரி ஒருத்தி கேக்குறா, இந்த கெர்தா விரிப்பைத் தொட்டாச்சும் பாத்திருக்காளான்னு."

"நர்ஸா இருந்தவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றேன், பன்னைக் கடித்தபடி.

"ஒரு ஆள் போதும்ங்கிற?"

"தாராளமா."

அவள் எனக்கு இன்னொரு கப் ஊற்றினாள். நானும் சந்தோஷமாகக் குடித்தேன்.

மறுநாள் நற்செய்தி வந்தது. ஞாயிறு எட்டு மணிக்கு, எல்லா வீட்டுக்கும் பொதுவான அடித்தளத்துச் சலவை அறையை எங்கள் வீட்டுக்குப் பதிவு செய்துவிட்டாளாம். எங்கள் கட்டடத்தில் சலவை முறையைத் தவறவிட்டவன் மனுஷனே இல்லை. வீடு தீப்பிடித்தாலும் துவைத்து முடித்துவிட்டுத்தான் ஓடுவோம். அப்படியென்றால் எட்டு மணிக்கு அவள் கீழே, தொடர் செத்தது. கெர்தா அம்மாள் வாழ்க! ஓடிப் போய் பீரும் வேர்க்கடலையும் வாங்கி வந்தேன்.

ஞாயிறு வந்தது. எட்டாகப் போகிறது. சோபாவில் சாய்ந்து ரிமோட்டுக்குக் கை நீட்டினேன். கையில் துணிக்கூடை வந்து உட்கார்ந்தது.

"நீ போகலையா?"

"நான் எதுக்கு? ஒரு ஆள் போதும்னியே." என் இடத்தில் உட்கார்ந்து என் வேர்க்கடலையைப் பிரித்தாள். "தாடையால விரிப்பு மடிக்கிற ஆளு இந்த நாட்டுலயே ஒருத்தன்தான், ஸ்தூரே. அவனத்தான் நான் கட்டிக்கிட்டேன்."

மீசை டாக்டர் வந்துவிட்டார். நான் படியிறங்கினேன். சலவை அறைப் பதிவுப் பலகையில் எங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே, தொடர் முடியும்வரை எல்லா ஞாயிறுக்கும், யோர்டிஸ் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தாள்: 'கெர்தா.'